'உம்' விட்டுப்போன தீர்மானம்

நீதிமன்றத்தில் இருபத்தேழு வருஷம், சாட்சிகள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கொடுத்தவள் அவள். சாட்சி அழுதால் அழுகையை எழுத முடியாது. ஆனால் அழுகைக்கு நடுவே வந்த சொல்லை விட்டுவிடக் கூடாது. அதில் அவள் கெட்டிக்காரி. இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் கத்தினாலும் யார் எதைச் சொன்னார் என்று பிரித்து எழுதிவிடுவாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, யாருடைய கண்ணையும் பார்க்காமல் வாயை மட்டும் பார்ப்பாள். ஊரில் அவளுக்குச் சுருக்கெழுத்தம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்காரர் ஏதாவது வாக்குக் கொடுத்துவிட்டு நழுவப் பார்த்தால், "போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், செருப்பைக் கழட்டிக்கிட்டே சொன்னீங்க" என்று ஆரம்பிப்பாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். "கோர்ட்டுல வாய்தா வாங்கலாம், இவகிட்ட வாங்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே வாக்கை நிறைவேற்றப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவளுக்கு, ஓய்வு பெற்ற மறு வருஷம், ஒரே ஒரு 'உம்' கைநழுவிப் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த ஊரில் எதிரும் புதிருமாக இரண்டு சபைகள் இருந்தன. எண்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டும் ஒன்றாக இருந்தவை. ஞானஸ்நானத்தில் பிரிந்தன. ஒரு சபையில், பிறந்த சில மாதங்களிலேயே குழந்தையைப் போதகர் கையில் வாங்கி, நெற்றியில் மூன்று தரம் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். மற்ற சபையில், ஆள் வளர்ந்து, தன் வாயால் விசுவாசத்தைச் சொன்ன பிறகே தொட்டிக்குள் இறக்கி முழுசாக முழுக்கி எடுப்பார்கள். ஊர்க்காரர்கள் முதலாவதைத் தெளிப்புச் சபை என்றும் இரண்டாவதை முழுக்குச் சபை என்றும் சொல்வார்கள். நடுவில் ஒரு தெரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பக்கத்துப் பாட்டு மறுபக்கத்து ஜெபத்துக்குள் புகுந்துவிடும். தெளிப்புச் சபை ஆட்கள் எதிர்ப் பக்கம் போனால், "குழந்தையில தெளிச்ச தண்ணியெல்லாம் கணக்குல வராது, மறுபடி முழுகு" என்பார்கள். அந்தச் சொல் இவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும்.

சுருக்கெழுத்தம்மா தெளிப்புச் சபை. அவளுடைய ஒரே மகள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கிற வேலையில் இருந்தாள். அவள் கட்டிக்கொள்ளப் பேசி முடித்திருந்த பையன் முழுக்குச் சபை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் தாங்களாகப் பார்த்துக்கொண்டது, பெரியவர்களும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் பையனின் அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். அவர் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர், சபையில் மூப்பர், நல்ல மனுஷன்.

"சம்பந்தியம்மா, எனக்கு உங்க பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. ஆனா எங்க சபையில கல்யாணம் நடக்கணும்னா அவ முழுகித்தான் ஆகணும். நானே சட்டத்தை மீறினா நாளைக்கு எவன் மதிப்பான்?"

மகள் மறுத்துவிட்டாள். "எனக்கு ஏற்கெனவே ஆச்சு. ஆனதை ஆகலன்னு எப்படிச் சொல்றது?"

கல்யாணம் அந்த இடத்தில் நின்றது, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி. இந்த உவமை வீட்டுக்காரருடையது.

இந்த நிலையில்தான் இரண்டு சபைகளும் சேர்ந்துவிடலாம் என்ற பேச்சு வலுத்தது. ஒவ்வொரு சபையிலிருந்தும் நாற்பத்தைந்து பேர், ஆக மொத்தம் தொண்ணூறு பேர் கொண்ட மாமன்றம் ஒன்றைக் கூட்டினார்கள். புதிய ஐக்கிய சபை எதை விசுவாசிக்கும், எப்படி நடக்கும் என்று பிரிவு பிரிவாக எழுதி, மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கினால் நிறைவேறியது என்று ஏற்பாடு. தலைமை தாங்க வேறு ஊரிலிருந்து, இரண்டு பக்கமும் சேராத ஒரு வயதான குருவானவரை அழைத்திருந்தார்கள். நடவடிக்கைகளை எழுத யாரைப் போடுவது என்று வந்தபோது இரண்டு பக்கமும் ஒரே பெயரைச் சொன்னது. ஐக்கியத்தில் முதலில் ஐக்கியமானது அதுதான் என்று ஒருவர் சிரித்தார்.

"என் பொண்ணு விஷயம் இதுல மாட்டியிருக்கு. நான் எழுதறது சரியா வருமா?" என்று அவள் தலைவரிடம் கேட்டாள்.

"கை தூக்கறது அவங்க. நீங்க எழுதப் போறது அவங்க சொன்னதை. அதுல உங்க பொண்ணு எங்க வர்றா?" என்றார் அவர்.

சரி என்று ஒத்துக்கொண்டாள். 

மாமன்றம் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில் புதன்கிழமை கூடியது. தகரக் கூரை. மடக்கு நாற்காலிகள். மேடைக்குக் கீழே இடது ஓரத்தில் அவளுக்கு ஒரு சின்ன மேஜை. முதல் நாள் ஆறு பிரிவுகள் வெண்ணெய் மாதிரி நழுவிப் போயின. கடவுள் ஒருவர், மூவொரு கடவுள், வேதாகமம் என்று எல்லாவற்றுக்கும் தொண்ணூறு கையும் எழுந்தது. ஏழாவது பிரிவில் வண்டி நின்றது.

வரைவில் இருந்த வாக்கியம் இது: 'சிறுவயதில் பெற்ற ஞானஸ்நானம் செல்லும்.' நாலே சொல்.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "இதை இப்படியே விட்டா, குழந்தைக்குக் குடுக்கறதுதான் முறைன்னு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். 'ஞானஸ்நானமும் செல்லும்'னு போடுங்க. பெரியவங்களா முழுகினதுதான் முறை, இதுவும் செல்லும்னு அர்த்தம் வரட்டும். அதுவரைக்கும் நாங்க இறங்கி வர்றோம்."

இந்தப் பக்கம் தெளிப்புச் சபையின் போதகர் துள்ளி எழுந்தார். "இதுவும் செல்லும்னா என்ன அர்த்தம்? கிழிஞ்ச நோட்டையும் போனாப் போகுதுன்னு வாங்கிக்கற மாதிரியா? எங்க அப்பா, தாத்தா எல்லாரும் அந்த 'உம்'முல தொங்கிக்கிட்டா பரலோகம் போனாங்க?"

கூடம் சிரித்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வியாழக்கிழமை முழுவதும் அந்த ஒரு 'உம்'மிலேயே போனது.

இரண்டு பக்கத்தையும் ஆற்ற, தெளிப்புச் சபையிலிருந்து வந்திருந்த சரித்திரப் பேராசிரியர் ஒருவர் பேசினார். சுருக்கெழுத்தம்மாவின் நோட்டில் அது ஒன்பது பக்கம்.

"இது நம்ம ஊர்ச் சண்டைன்னு நினைக்காதீங்க. ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. சபையை விட்டுப் பிரிஞ்சு போனவங்க கையால ஞானஸ்நானம் வாங்கினவன் திரும்பி வந்தா, அவனுக்கு மறுபடி குடுக்கணுமா வேண்டாமான்னு கேள்வி. வட ஆப்பிரிக்காவுல ஆயர்கள் சங்கம் கூடி, குடுக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. ஒரு அறுபது வருஷம் கழிச்சுக் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சங்கம் கூடிச்சு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி பேரால குடுத்திருந்தா அதுவே போதும், தலை மேல கை வச்சு ஜெபம் பண்ணிச் சேர்த்துக்கோங்கன்னு அது சொல்லிச்சு. ரெண்டுமே ஜெபம் பண்ணிட்டுத்தான் உக்காந்துச்சு. அதுக்கப்புறம், குமாரன் பிதாவோட ஒரே தன்மை உள்ளவரா, ஒத்த தன்மை உள்ளவரான்னு ஒரு பெரிய விவாதம். அவங்க பாஷையில அந்த ரெண்டு சொல்லுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்துக்காக ஆயர்களை நாடு கடத்தினாங்க. இன்னைக்கு நாம சொல்ற விசுவாசப் பிரமாணம் அந்தச் சண்டையிலதான் உருவாச்சு. அதனால ஒரு 'உம்'தானேன்னு யாரும் சிரிக்க வேண்டாம். அதே நேரம், அதுக்காகக் கழுத்தையும் பிடிக்க வேண்டாம்."

ஆற்றுவதற்காகச் சொன்னது ஏற்றிவிட்டது. அதுவரை ஏதோ இலக்கணப் பிடிவாதம் என்று நினைத்தவர்கள்கூட, அடடா, நாம் அத்தனை பெரிய காரியத்துக்கா கை தூக்கப் போகிறோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள்.  சங்கத்தில் பேசினவர்களைச் சரித்திரம் மறக்கவில்லை. ஆனால் அங்கேயும் ஒரு மூலையில் யாரோ உட்கார்ந்து எழுதியிருப்பார்களே, அவர்களுக்கு அந்த ஒரு எழுத்து சரியாகக் காதில் விழுந்ததா என்று சுருக்கெழுத்தம்மாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போகவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் என்று எல்லோரும் களைத்துவிட்டிருந்தார்கள். தலைவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். தலைவர் ஒரு தாளில் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். பிறகு எழுந்து ஒலிபெருக்கியைத் தட்டி, "சமாதானமா ஒரு வாக்கியம் வந்திருக்கு. வாசிக்கறேன், கை தூக்குங்க" என்றார்.

அவர் வாயைத் திறக்கவும் தகரக் கூரையில் மழை கொட்டவும் சரியாக இருந்தது. சும்மா தூறல் இல்லை. லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் நாற்காலியை இழுத்தார்கள். அவள் தலைவரின் வாயைப் பார்த்துக்கொண்டே எழுதினாள். 'சிறுவயதில் பெற்ற ஞானஸ்நான' என்ற இடத்தில் பக்கம் முடிந்தது. திருப்பினாள். ஈரக் காற்றில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்தாள். நிமிர்ந்தபோது அவர் வாய் 'செல்லும்' என்று மூடிக்கொண்டிருந்தது. அதை எழுதினாள். அறுபத்து நாலு கைகள் எழுந்தன. நிறைவேறியது என்று தலைவர் சொன்னார். எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். போதகரும் மருந்துக்கடைக்காரரும் கை குலுக்கியதை அவளே பார்த்தாள். வீட்டுக்குப் போனதும், வேலையில் இருந்த மகளுக்குப் போன் போட்டு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றாள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்தப் பக்கத்துக்கு வந்தாள். சுருக்கெழுத்தில் அவள் 'உம்'முக்கு வைத்திருந்த குறி ஒரு குட்டிக் கொக்கி. கோட்டின் நுனியில் மேல்நோக்கி வளைந்திருக்கும். இந்தக் கோட்டின் நுனி பக்கத்தின் விளிம்பில் போய் முடிந்திருந்தது. கொக்கி இல்லை. கொக்கி இல்லை என்பதால் 'உம்' இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் சொல்லே முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலைவரின் வாயை ஞாபகத்தில் கொண்டுவரப் பார்த்தாள். உதடு சேர்ந்தது ஞாபகம் வந்தது. 'ஞானஸ்நானம்' என்றாலும் உதடு சேரும், 'ஞானஸ்நானமும்' என்றாலும் சேரும். ஒரு தரமா, இரண்டு தரமா?



கூடத்தில் ஒலிப்பதிவு செய்தவருக்குப் போன் போட்டாள். அவர் போட்டுக் கேட்டுவிட்டு, "அந்த இடத்துல மழை மட்டும்தான்மா இருக்கு. நல்லாப் பதிவாகியிருக்கு" என்றார். தலைவருக்குப் போன் போட்டாள். அவர் பையைத் துழாவுகிற சத்தம் கேட்டது. பிறகு, "தாள் இங்கதான் இருக்கு. 'உம்'மைச் சேர்த்து அடிச்சு, மறுபடி சேர்த்து, மறுபடி அடிச்சிருக்கேன். எதை வாசிச்சேன்னு சத்தியமா எனக்கே தெரியல. நீங்க எழுதியிருப்பீங்கன்னு இருந்துட்டேன்" என்றார்.

செய்தி எப்படிக் கசிந்ததோ தெரியாது. ஆறு மணிக்கு மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்றார். நனைந்த குடையை உள்ளே கொண்டுவரக் கூச்சப்பட்டு வெளியிலேயே சாய்த்துவிட்டு வந்தார்.

"சம்பந்தியம்மா, நான் உங்களை ஒண்ணும் கேக்க வரல. 'ஞானஸ்நானமும்'னுதான் வாசிச்சார். என் காதால கேட்டேன். அதனாலதான் கை தூக்கினேன். அது அப்படியே வந்தாச்சுன்னா, அடுத்த மாசமே கல்யாணத்தை வச்சுக்கலாம்."

"நோட்டைப் பாருங்க" என்று அவள் நீட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்தார். "டாக்டருங்க கையெழுத்தையே வாசிச்சுப் பொழைக்கறவன் நான். எனக்கே இது பிடிபடல" என்று சொல்லிவிட்டு, சிரிக்க நினைத்துச் சிரிக்காமல் போய்விட்டார்.

அரை மணி கழித்துப் போதகர் போன் செய்தார். "'உம்' இல்லம்மா. இருந்திருந்தா நான் கை தூக்கியிருப்பேனா? நீங்க நம்ம சபைப் பிள்ளை. உங்களுக்கு யார் தண்ணி தெளிச்சாங்கன்னு நினைச்சுப் பாருங்க."

அவளுக்குத் தெளித்தது அந்தப் போதகரின் அப்பா.

போனை வைத்துவிட்டு அவள் பென்சிலைச் சீவினாள். சீவின பென்சிலையே மறுபடி சீவினாள். ஒரு கொக்கி போட அரை நொடி போதும். கொக்கி இருந்தால் சம்பந்தி ஐக்கிய சபைக்குள் இருப்பார், மகளுக்குக் கல்யாணம் ஆகும். சொந்தச் சபை வெளியே போகும். கொக்கி இல்லாமல் 'ம்' என்று முடித்துவிட்டால் போதகர் சந்தோஷப்படுவார். சம்பந்தி கிளம்பிவிடுவார், அவரோடு கல்யாணமும். எது நடந்தாலும் நோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவள் போட்டதுதான் சட்டம். இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ பேர் தலைவிதி அவள் நோட்டுக்குள் இருந்திருக்கிறது. ஆனால் ஒரு நாளும் அது அவள் கை நுனியில் வந்து நின்றதில்லை.

மகள் வேலையிலிருந்து வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்காக ஒண்ணும் எழுதிடாத."

"உனக்காக எழுதலன்னா உனக்கு எதிரா எழுதின மாதிரி ஆகுதேடி."

"எங்க லேப்ல ரத்தம் உறைஞ்சுபோய் வந்தா நாங்க என்ன எழுதுவோம் தெரியுமா? சர்க்கரை இருக்குன்னும் எழுத மாட்டோம், இல்லன்னும் எழுத மாட்டோம். மாதிரி கெட்டுப்போச்சு, மறுபடி அனுப்புங்கன்னு எழுதுவோம்."

வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பொண்ணு சொல்றது சரி. பழுது எங்கன்னு தெரியாம லிஃப்ட்டை ஓட்டக் கூடாது" என்றார். அவர் அன்றைக்கு எதற்கும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தபோது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை, நடவடிக்கைகளை வாசித்து ஒப்புதல் வாங்க மறுபடி கூடினார்கள். தொண்ணூறு பேரில் ஒருவர்கூடத் தவறவில்லை. பார்வையாளர் வரிசையும் நிரம்பியிருந்தது. தலைவர் நேராக அவளிடம் வந்தார்.

"ஏழாவது பிரிவுல உங்க நோட்டு என்ன சொல்லுது?"

அவள் எழுந்தாள். எப்போதும் மற்றவர்களின் வாயைப் பார்த்தவள். இப்போது அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். 

"ஐயா, 'சிறுவயதில் பெற்ற ஞானஸ்நான' வரைக்கும் இருக்கு. அப்புறம் 'செல்லும்' இருக்கு. நடுவுல நான் பக்கம் திருப்பிக்கிட்டிருந்தேன். மழை வேற. அந்த இடம் என் காதுல விழல. விழாததை எழுதல."

"உங்க மனசுக்கு எது சரின்னு படுது?" என்று ஒரு குரல்.

"மனசுக்குப் பட்டதை எழுதறதுக்கு என்னைக் கூப்பிடலங்க."

"ஒரு வாக்கியம் போச்சுன்னா உடனே நிறுத்தச் சொல்லியிருக்கணும்ல?" இது போதகர்.

"ஆமாங்க. சொல்லியிருக்கணும். எல்லாரும் கை தூக்கிட்டீங்க, கட்டிப் பிடிச்சுக்கிட்டீங்க. எழுத்துல சரி பண்ணிக்கலாம்னு இருந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

உட்காரும்போது நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. கூடம் சந்தைக்கடை ஆகியது. சம்பந்தி மேல் உள்ள பயத்தில் மழுப்புகிறாள் என்றார் ஒருவர். இல்லை, சொந்தச் சபைக்காக மழுப்புகிறாள் என்றார் இன்னொருவர். இரண்டையும் அவள் எழுதிக்கொண்டாள். 

தலைவர் மறுபடி வாக்கெடுப்பு வைத்தார். இந்தத் தரம் வெயில் அடித்தது, ஒவ்வொரு சொல்லும் கணீரென்று கேட்டது. அதுதான் வினை ஆகியது. 'ஞானஸ்நானமும்' என்று வாசித்தார்: ஐம்பத்திரண்டு கைகள். 'ஞானஸ்நானம்' என்று வாசித்தார்: நாற்பத்தேழு. இரண்டுமே அறுபதைத் தொடவில்லை. முந்தின நாள் அறுபத்து நாலு பேரும் தங்களுக்குப் பிடித்ததைக் கேட்டுக்கொண்டு கை தூக்கியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

பதினொரு மணிக்கு முழுக்குச் சபையில் பெரும்பாலோர் எழுந்து போனார்கள். அவர்கள் போனதைப் பார்த்துத் தெளிப்புச் சபையில் பாதிக்கு மேல் எழுந்து போனார்கள். மிச்சம் இரண்டு பக்கத்திலிருந்துமாக இருபத்தோரு பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். சரித்திரப் பேராசிரியர் அவர்களில் ஒருவர். "நாங்க கலையறதா இல்ல" என்றார். வருஷம் திரும்புவதற்குள் அவர்கள் ஒரு வாடகைக் கூடத்தில் ஐக்கிய சபை என்று பலகை மாட்டிவிட்டார்கள். ஊரில், "ரெண்டை ஒண்ணாக்கப் போனாங்க, மூணாக்கிட்டு வந்தாங்க" என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் கடைசியில் எப்போதும் அவள் வந்தாள். உம்மக்கா என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தச் சபையிலேயே அவளுக்கு இரண்டு பக்கத்து இடமும் காலியாக இருந்தது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் ஓடின. காய்கறிக் கடையில் யாராவது குரலைத் தாழ்த்தினால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்தது.

கல்யாணம் எட்டு மாதம் நின்றது. அந்த எட்டு மாதத்தில் அவள் மகளின் முகத்தைப் படிக்க முயன்று முயன்று தோற்றாள். சரியாகச் சாப்பிட்டாளா, போன் வந்ததா, வந்த போனில் என்ன பேசினாள் என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கணக்கு வாத்தியாரே வீட்டுக்கு வந்தான்.

"அத்தை, அப்பாகிட்ட பேசிட்டேன். கல்யாணத்தை ஐக்கிய சபையில வச்சுக்கறோம். அவ முழுக வேண்டாம்."

"அப்பா என்ன சொன்னார்?"

"ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள், 'கல்யாணத்துக்கு வருவேன், பாட மாட்டேன்'னார்."

வந்தார். பாடவும் இல்லை. ஆனால் ஜெபத்தின் முடிவில் 'ஆமென்' மட்டும் அவர் குரலில்தான் பெரிதாகக் கேட்டது. சாப்பாட்டுப் பந்தியில் சுருக்கெழுத்தம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அன்னைக்கு நீங்க 'உம்' போட்டிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனா அதுக்கப்புறம் உங்களை நம்பியிருக்க மாட்டேன்" என்றார்.  பதிலுக்கு, "கொஞ்சம் சோறு வச்சுக்கோங்க" என்றாள் அவள்.

எழுதுவதை அவள் விட்டுவிடவில்லை. ஐக்கிய சபை அவளைக் கூப்பிட்டது, போனாள். ஆனால் பழைய மிடுக்கு திரும்பவில்லை. யாராவது இருமினாலும் பென்சிலைத் தூக்கி, "ஐயா, இன்னொரு தரம் வாசிங்க" என்பாள். சில கூட்டங்களில் ஒரே தீர்மானம் நாலு தரம் வாசிக்கப்பட்டது. சலித்துக்கொள்வார்கள்; அவள் விடமாட்டாள்.

அடுத்த வருஷம் மகளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்றாவது மாதம், இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்து மகளும் மாப்பிள்ளையும் தங்கள் முடிவைச் சொன்னார்கள். குழந்தையைச் சபைக்குக் கொண்டுபோய் ஜெபம் மட்டும் பண்ணுவார்கள். ஞானஸ்நானத்தை வளர்ந்த பிறகு அவளே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஐக்கிய சபையில் இரண்டுக்கும் இடம் உண்டு. தேர்ந்தெடுப்பது பெற்றவர்கள் பொறுப்பு.

சம்பந்திக்கு முகம் மலர்ந்தது. வீட்டுக்காரர் தோளைக் குலுக்கினார். சுருக்கெழுத்தம்மா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். மகளை மூன்றாவது மாதத்தில் தெளிப்புச் சபைக்குத் தூக்கிப் போனவள் அவள். அந்த மூன்று சொட்டுத் தண்ணீரை நம்பித்தான் மகள் காய்ச்சலில் கிடந்தபோதும், சாலையைத் தனியாகக் கடந்தபோதும் இவள் தைரியமாக இருந்திருக்கிறாள். இந்தக் குழந்தைக்கு அது இல்லை. இதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆகாது என்று வாய் சொல்லும், நெஞ்சு கேட்காது. குழந்தை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினாலும் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

ஒரு நாள் காலையில் மகள் மாடிக்குத் துணி உலர்த்தப் போயிருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற வேலை இவளுடையது. வெதுவெதுப்பான தண்ணீர், சின்னத் தொட்டி, இடது கையில் குழந்தையின் தலை. வலது கையில் தண்ணீரை அள்ளினாள். அவசரம் என்றால் யாரும் கொடுக்கலாம் என்று அவள் சபையில் சொல்வதுண்டு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, மூன்று பெயர். பேராசிரியர் சொன்ன அந்த இன்னொரு சங்கம் போதும் என்றது அதைத்தானே. பக்கத்தில் யாரும் இல்லை. யாருக்கும் தெரியவேண்டாம். வாயில் முதல் சொல் வந்து நின்றது.

குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

சொல்லிவிட்டால் சொன்னதுதான். பதினைந்து, இருபது வருஷம் கழித்து இவள் தானாகத் தொட்டிக்குள் இறங்கும்போது, அது முதலா இரண்டாவதா என்று இந்த உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருக்கும். அப்போது உண்மையைச் சொன்னாலும் சண்டை, சொல்லாவிட்டாலும் பொய். இரண்டு சபைகளும் எண்பது வருஷம் இழுத்த இழுப்பை இந்தப் பொக்கை வாய்க்காரி தலையில் கொண்டுபோய் வைப்பதா?  விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகித் தொட்டிக்குள் விழுந்தது. வாயை மூடிக்கொண்டாள். மறுபடி தண்ணீரை அள்ளி, சோப்பு நுரை கண்ணில் படாமல் நெற்றியைத் துடைத்து, பேசாமல் குளிப்பாட்டி முடித்தாள்.

"அம்மா, ஆச்சா?" என்று மாடியிலிருந்து மகள் கேட்டாள்.

"குளிச்சாச்சு. துண்டை எடுத்துட்டு வா, குளிருது அதுக்கு" என்றாள் அவள்.